காலையில் மாற்றிய மணிகள்

பவானேஸ்வரி வேலை பார்த்த தொழிற்சாலையில் தயாரான பொருளை யாரும் தனியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். கைப்பேசித் திரைக்குள்ளும் தொலைக்காட்சித் திரைக்குள்ளும் ஒரு மெல்லிய பிலிம் ஒட்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் திரையில் வெறும் வெளிச்சம்தான் இருக்கும், படம் தெரியாது. அந்த பிலிம் முதலில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அயோடின் கரைசல் நிரம்பிய நீண்ட தொட்டிகளில் முக்கி, இழுத்து, காயவைத்த பிறகுதான் அதில் சாம்பல் நிறம் ஏறும். அலோர் காஜா என்ற சிற்றூருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலையில் தொட்டிகளுக்கென்று தனிக் கூடம் ஒன்று இருந்தது. பவானேஸ்வரி தன் வாழ்க்கையில் பெரும்பகுதியை அந்தக் கூடத்தில்தான் கழித்தாள்.

அவள் சிம்பாங் அம்பாட்டை ஒட்டிய தோட்டம் ஒன்றில் பிறந்தவள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அவள் குடும்பம் பாச்சாங்கில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே வந்த பிறகுதான் கல்யாணம். கணவன் குகன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டினான். தொழிற்சாலை வேன் அடுக்குமாடியின் கீழேயே வந்து ஆள் ஏற்றும் என்று யாரோ சொன்னார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

தொட்டிக் கூடத்துக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குத் தடவும் பழுப்பு மருந்தின் நெடி மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் கண் எரியும். வாயில் இரும்பை நக்கியது போல ஒரு ருசி வரும், சாயங்காலம் வீட்டில் என்ன சாப்பிட்டாலும் அந்த ருசிதான் முதலில் தெரியும். பெண்களின் உடைமாற்றும் அறையில் இருந்த இரும்பு அலமாரிகளின் கீல்கள் புதிதாக மாற்றிய வேகத்திலேயே துருப்பிடித்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு மற்றப் பெண்கள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: சட்டைக்குக் கஞ்சி போடாதே. கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சட்டையோடு தொட்டி அருகே நின்றால், கஞ்சியில் அயோடின் பட்டு மத்தியானத்துக்குள் தோளிலும் கையிலும் நீலத் திட்டுகள் படரும். துவைத்தாலும் முழுதாகப் போகாது.

பவானேஸ்வரியின் நகங்கள் எப்போதும் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தன. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "மருதாணி நல்லா புடிக்கலையா?" என்று கேட்டாள். பவானேஸ்வரி ஆமாம் என்று தலையாட்டிவிட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

கம்பெனி காற்றைச் சோதிக்காமல் இல்லை. குறிப்பிட்ட நாளில் ஒரு ஆள் கருவியோடு வருவான். அவன் வருகிற நாளில் காலையிலேயே சூப்பர்வைசர் வந்து தொட்டிகளின் சூட்டைக் குறைக்கச் சொல்லிவிடுவார். சூடு குறைந்தால் அயோடின் அதிகம் கிளம்பாது. அன்றைக்கு மட்டும் கூடத்தில் கண் எரியாது. கருவி குறைந்த அளவையே காட்டும். ஆள் போனதும் சூடு பழையபடி ஏறும்.

தொட்டிக் கூடத்தில் அவளுக்கு நெருக்கமானவள் மோகனா. இருவரும் ஒரே தொட்டியின் இரண்டு ஓரங்களில் நின்று பிலிமை வழிநடத்துவார்கள். மோகனா சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள், சூப்பர்வைசர் நடப்பதுபோல நடந்து காட்டுவாள். ஒரு வருடத்தில் அந்தச் சிரிப்பு குறைந்தது. முடி கொட்டியது. எப்போதும் அசதி. கழுத்தின் முன்பக்கம் லேசாக வீங்கியது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து தைராய்டு என்றார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்ட டாக்டர், அயோடின் என்ற வார்த்தையைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உடம்புக்கு அது கொஞ்சம் வேண்டும், அளவுக்கு மேலே போனால் அதே சுரப்பியைக் கெடுக்கும் என்று சொன்னார். ஆனால் இதனால்தான் வந்தது என்று தன்னால் எழுதித் தர முடியாது என்றும் சொன்னார். வேறு காரணத்தாலும் வரலாம்.

கம்பெனி டாக்டர் இன்னும் சுருக்கமாகப் பேசினார். "உங்க அம்மாவுக்கு இருந்திச்சா?"

மோகனாவின் அம்மா அவள் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். தெரியாது என்றாள். குடும்ப வழி என்று அவர் முடிவுகட்டினார்.

நிவேந்திரன் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் மேனேஜர் வெள்ளைக் கோட் போட்ட ஒருவனைக் கூடத்துக்குள் அழைத்து வந்தார். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், கம்பெனியோடு சேர்ந்து ஒரு சோதனை செய்யப்போகிறார் என்றார். கூடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவன் பவானேஸ்வரியின் முன்னால் நின்றுவிட்டான்.

"பவாக்கா தானே? நான் டிராக்டர் வீராசாமி மகன்."

அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு முகத்தில் வீராசாமியின் மூக்கு தெரிந்தது. தோட்டத்தில் அடுத்தடுத்த வீடு. அவன் அம்மா தோட்டத்து வெளிக்காட்டு வேலைக்குப் போகும்போது இவனை பவானேஸ்வரியின் இடுப்பில் ஏற்றிவிட்டுப் போவாள். அந்தப் பிள்ளை டாக்டர் பட்டம் வாங்கி எதிரே நிற்கிறான்.

"நிவேனா நீ? நல்லா வளந்துட்டடா" என்றாள். பிறகு மேனேஜர் இருப்பது உறைத்து, "வளந்துட்டீங்க தம்பி" என்று திருத்தினாள்.

"டா போட்டே பேசுங்கக்கா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றான் அவன். அன்றைக்கு வேனில் வீடு திரும்பும்வரை அவள் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவன் கொண்டுவந்த டப்பாவில் வெள்ளை வெள்ளையாக மணி போன்ற உருண்டைகள் இருந்தன. ஊறவைத்த சவ்வரிசி அளவு, தொட்டால் லேசாக இருந்தன. எல்லோரையும் கூட்டி வைத்து அவன் விளக்கியது, படிக்காதவர்களுக்கும் புரிந்தது.

"இதுக்குள்ள ஒரு தூளு இருக்குக்கா. பாக்க மாவு மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு துணுக்கும் உள்ள பூரா கூடு. கண்ணுக்குத் தெரியாத ரூம்புங்க. காத்துல போற அயோடின் அந்த ரூம்புக்குள்ள போச்சுன்னா ஒட்டிக்கும், சுலபமா வெளிய வராது."

"அப்ப தூளையே தொங்க விட வேண்டியதுதானே?" என்றாள் மோகனா.

"தூளு ஃபேன் காத்துல பறந்துடும்லா. அதோட நம்ம ஊரு ஈரக் காத்து இருக்கே, தண்ணியே போயி எல்லா ரூம்பையும் புடிச்சுக்கும். அதான் பாலிமர்ல குழைச்சு, சொட்டுச் சொட்டா தண்ணியில விட்டு உருண்டை புடிச்சிருக்கோம். பாலிமர் தண்ணியத் தள்ளும், அயோடினை உள்ள விடும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இத்தன வருஷம் ஆச்சு."

முதலில் இதை அணு உலைகளுக்காகத்தான் செய்தானாம். அங்கே புகைபோக்கி வழியாகக் கதிர்வீச்சு அயோடின் வெளியேறாமல் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் அணு உலை இல்லை. உண்மையான தொழிற்சாலைக் காற்றில் இது வேலை செய்கிறது என்று நிரூபிக்க, அயோடின் இருக்கிற இடம் தேடி அலைந்திருக்கிறான். கடைசியில் தன் ஊர்ப் பக்கத்திலேயே ஒன்று கிடைத்தது.

"கறுத்தா என்ன செய்யணும்?" என்று பவானேஸ்வரி கேட்டாள்.

"வெள்ளை, அப்புறம் மஞ்சள், அப்புறம் பிரவுன், கடைசியா கறுப்பு. கறுத்துடுச்சுன்னா வயிறு ரொம்பிடுச்சுன்னு அர்த்தம். எடுத்துட்டு வேற போடணும். எங்க கணக்குப்படி மாசக்கணக்குல தாங்கும்."

உருண்டைகளைப் பரப்பிய கம்பி வலைத் தட்டுகள் தொட்டிகளுக்கு மேலே, காற்றை இழுத்துத் திரும்பக் கூடத்துக்குள்ளேயே விடும் குழாய்களின் வாயில் மாட்டப்பட்டன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நிவேந்திரன் பவானேஸ்வரிக்கே கேட்டு வாங்கினான்.

மாட்டிய சில நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது. கண் எரியவில்லை. மோகனா மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தவள், "பவா, கருவாட்டு வாசம் வருதுடி" என்றாள். அவளே சமைத்துக் கொண்டுவந்த குழம்பு. அதன் வாசம் வேலை இடத்தில் அவளுக்கு வந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. மற்றப் பெண்களும் தங்கள் சட்டிகளைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். பவானேஸ்வரிக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம தோட்டத்துப் பிள்ளை செய்தது என்று அவள் அன்றும் சொன்னாள்.

ஆனால் உருண்டைகள் மாசக்கணக்கில் தாங்கவில்லை. இரண்டாவது வாரத்திலேயே மேல் வரிசைத் தட்டுகளில் வெல்லம் கரைந்த பழுப்பு ஏறியது. கோப்பையில் சவ்வரிசிமேல் குலா மலாக்கா என்ற தென்னைவெல்லப் பாகை ஊற்றியது போல இருக்கிறது என்று பெண்கள் சிரித்தார்கள். அதே வேகத்தில் கறுத்தும் போனது.

நிவேந்திரன் வந்து பார்த்து முதலில் சந்தோஷப்பட்டான். ஒரு தட்டை இறக்கி எடை போட்டுப் பார்த்தான். "சோதனைக்கூடத்துல வந்ததுக்கு மேலயே இழுத்திருக்குக்கா. ஈரம் ஒண்ணும் செய்யல. பாருங்க எவ்ளோ கனம்." அவன் முகம் பரீட்சையில் முதலாவது வந்த பிள்ளையின் முகமாக இருந்தது. கைப்பேசியில் படம் எடுத்தான், அவளையும் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லி ஒன்று எடுத்தான்.

அன்று மாலை மேனேஜர் அறைக்குள் போனவன் வெளியே வரும்போது வேறு மாதிரி இருந்தான்.

மேனேஜர் முட்டாள் அல்ல. உருண்டைகள் இவ்வளவு அயோடினைப் பிடித்திருக்கின்றன என்றால், காற்றில் அவ்வளவு அயோடின் இருந்தது என்று அர்த்தம். தட்டு மாட்டுவதற்கு முன்பு அது வேறு எங்கே போயிருக்கும்? அங்கே நின்றவர்களின் மூக்குக்குள்தான் போயிருக்கும். கருவி இத்தனை வருடம் காட்டிய எண்களுக்கும் இந்தக் கறுப்புக்கும் பொருந்தாது. இதைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும்.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து பெரிய வாடிக்கையாளர் கம்பெனி ஒன்றின் ஆட்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாக இருந்தது. வேலை செய்கிறவர்களின் உடல்நலம் எப்படி என்றும் பார்ப்பார்களாம். பிடித்துப்போனால் பெரிய ஆர்டர். கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். உடைமாற்றும் அறைக் கீல்களை மாற்றினார்கள்.

அவர்கள் வருகிற நாள் காலை, பவானேஸ்வரி வேனிலிருந்து இறங்கும்போதே நிவேந்திரன் அவளுக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, எல்லாத் தட்டையும் மாத்திடுங்க. புதுசு டிரம்ல இருக்கு."

"நேத்துதானே நாலு தட்டு மாத்துனேன்? மத்தது இன்னும் கறுக்கலையே, பிரவுனாதான் இருக்கு."

"பரவால்ல. எல்லாம் வெள்ளையா இருக்கட்டும்."

அவள் கேள்வி கேட்கவில்லை. விருந்தாளி வருகிறபோது வீட்டைத் துடைப்பதில்லையா என்று நினைத்துக்கொண்டாள். பழைய உருண்டைகளைக் கொட்டி, புதியவற்றைச் சமமாகப் பரப்பி, தட்டுகளை மாட்டி முடித்தாள். கூடமே புதிதாகத் தெரிந்தது.

வந்தவர்களில் ஒரு பெண் இருந்தாள், வெள்ளைக்காரி, தலை நரைத்தவள், எதையும் தொட்டுப் பார்க்கிறவள். நிவேந்திரன் தட்டுகளின் கீழே நின்று ஆங்கிலத்தில் விளக்கினான். பவானேஸ்வரிக்கு ஆங்கிலம் பேசத் தடுமாறும், கேட்டால் புரியும். இத்தனை வருடம் மேனேஜர்களின் திட்டைக் கேட்டதில் வந்த பழக்கம். அவன் சொன்னது அவளுக்கு நன்றாகவே புரிந்தது. இந்தத் தட்டுகள் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. அயோடின் பட்டால் நிறம் மாறும். இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. காற்று எவ்வளவு சுத்தம் என்று நீங்களே பார்க்கலாம்.

பவானேஸ்வரி கையில் பிடித்திருந்த துடைக்கும் துணியைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

அந்தப் பெண் அவளிடம் திரும்பினாள். இங்கே வேலை செய்வது எப்படி இருக்கிறது, கண் எரிச்சல் ஏதும் உண்டா என்று மெதுவாகக் கேட்டாள். பவானேஸ்வரி வாய் திறப்பதற்குள் நிவேந்திரன், இவர் என் ஊர்க்காரர், நான் மொழிபெயர்க்கிறேன் என்றான். அவளைப் பார்த்துத் தமிழில், "சொல்லுங்கக்கா" என்றான். கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது.

அவள் சொன்னாள். "இது இன்னிக்கு காலையில மாத்துனது. முன்னாடி போட்டதெல்லாம் ரெண்டே வாரத்துல கறுத்துப் போச்சு. இத மாட்டறதுக்கு முன்ன எங்க எல்லாத்துக்கும் கண்ணு எரியும். மோகனாவுக்குக் கழுத்து வீங்கியிருக்கு. அதைச் சொல்லு."

நிவேந்திரன் ஆங்கிலத்தில் சொன்னான்: "இதை மாட்டியதிலிருந்து யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை என்கிறார். மிகவும் நன்றியோடு இருக்கிறார்களாம்."

அந்தப் பெண் புன்னகைத்தாள்.

"நோ, மேடம்" என்றாள் பவானேஸ்வரி. ஆங்கிலத்தில் அடுத்த வார்த்தை கிடைக்கவில்லை. "நோ. நாட் லைக் தட்."

"அவர் எல்லோர் முன்னாலும் பேசக் கூச்சப்படுகிறார்" என்றார் மேனேஜர் சிரித்துக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் பவானேஸ்வரியின் தோளை லேசாகத் தட்டிவிட்டு நகர்ந்தாள். கூட்டம் அடுத்த கூடத்துக்குப் போனது. மோகனா தொட்டியின் மறு ஓரத்தில் நின்று கரைசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் நிவேந்திரன் அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, கோவப்படாதீங்க. நான் சொல்றத கேளுங்க. இன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா ஆர்டர் போயிருக்கும். ஆர்டர் போனா மொதல்ல எதைக் கழட்டுவாங்க? இந்தத் தட்டைத்தான். அப்புறம் உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. இப்ப அவுங்க சந்தோஷமா போறாங்க. ஆர்டர் கெடச்சா எல்லா லைன்லயும் இதையே போடறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

"எழுதிக் குடுத்திருக்காரா?"

"வாய்ல சொன்னாரு."

"நான் சொன்னது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு. என் வாயில நீ வேற பேச்ச வச்சுட்ட."

"உங்க நல்லதுக்குத்தான்க்கா."

"மோகனா கழுத்து உனக்குத் தெரியும்லடா."

அவனுக்குத் தெரியும். அவளைவிட, கம்பெனி டாக்டரைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஆர்டர் கிடைத்தது. அடுத்த மாதமே தட்டுகளைக் கழற்றினார்கள். சோதனைக் காலம் முடிந்துவிட்டதாம், காற்று சுத்தமாக இருப்பதாக வாடிக்கையாளரே ஒத்துக்கொண்டுவிட்டதால் கூடுதல் செலவு தேவையில்லையாம். பவானேஸ்வரி நிவேந்திரனுக்கு போன் செய்தாள். மேனேஜர் இப்படிச் செய்வார் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றான். குரலில் வருத்தம் உண்மையாகத்தான் இருந்தது. பேசிப் பார்க்கிறேன் என்றான். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கூடத்தில் பழைய நெடி திரும்பியது. சில மாதம் நல்ல காற்றைச் சுவாசித்துவிட்டதால் இப்போது அது முன்னைவிட அதிகமாகத் தெரிந்தது. மோகனாவின் தூக்குச்சட்டியில் வாசம் போய்விட்டது.

தட்டுகளைக் கழற்றிய அன்று பவானேஸ்வரி ஒரு காரியம் செய்தாள். குப்பைக்குப் போகவிருந்த கறுத்த உருண்டைகளில் கொஞ்சத்தை ஒரு ஜாம் போத்தலில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒரு வாரத்தில் போத்தல் மூடியின் உள்பக்கம் துருப்பிடித்திருந்தது. விடுமுறை எடுத்துக்கொண்டு, அந்தப் போத்தலோடு தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனாள். குகன் லாரியை வெளியே நிறுத்திவிட்டு அவளோடு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

அதிகாரி இளம் மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். போத்தலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அக்கா, இது உங்கள் தொழிற்சாலைக் காற்றில்தான் கறுத்தது என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். மருந்துக்கடையில் அயோடின் வாங்கி வீட்டில் ஊற்றினாலும் இப்படித்தான் கறுக்கும். அவர் சொன்னதில் தப்பில்லை. வேறு யாராவது சாட்சி சொல்வார்களா என்று கேட்டார். நாங்கள் போய்ச் சோதிக்கிறோம் என்றார். சொன்னபடி போகவும் செய்தார். ஆனால் அவர்கள் வரும் விஷயம் கம்பெனிக்கு எப்படியோ முன்பே தெரிந்திருந்தது. அன்று காலை தொட்டிகளின் சூடு குறைக்கப்பட்டது. கருவி அன்றும் குறைந்த அளவையே காட்டியது.

அதிகாரி தொட்டிக் கூடத்துப் பெண்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டார். மோகனா, தனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். கழுத்து வீக்கம் குடும்ப வழி என்றாள்.

வேனில் பவானேஸ்வரி அவள் பக்கத்தில் உட்காரவில்லை. இறங்கும் இடத்தில் மோகனா அவள் கையைப் பிடித்தாள்.

"என்னை பேக்கிங் செக்ஷனுக்கு மாத்தறாங்க பவா. அங்க நெடி இல்ல. எனக்கு அது போதும்."

"நான் மட்டும் அங்கயே நிக்கணுமா?"

"நீயும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா உன்னையும் மாத்தியிருப்பாங்க" என்றாள் மோகனா. அவள் அழுதாள். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பவானேஸ்வரியைத் தொட்டிக் கூடத்திலும் வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனிப் பொருளை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போனாள் என்று விசாரணை வைத்தார்கள். அது குப்பைக்குப் போகவிருந்தது என்று அவள் சொன்னாள். குப்பையும் கம்பெனிக்குச் சொந்தம் என்றார்கள். அந்த உருண்டைகள் ஆராய்ச்சி ரகசியம் என்று பல்கலைக்கழகத் தரப்பிலிருந்து ஒரு வாக்குமூலம் வந்திருப்பதாகவும் சொன்னார்கள். யார் கொடுத்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த ஆராய்ச்சிக்கு வேறு யாரும் இல்லை.

வேலை போனபிறகு கொஞ்ச நாள் அவள் வீட்டிலேயே இருந்தாள். காலையில் வேன் வந்து கீழே ஹாரன் அடிக்கும்போது எழுந்து உட்கார்ந்துகொள்வாள். குகன் ஒன்றும் கேட்கமாட்டான், தேநீர் கலந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போவான். ஒரு நாள் மட்டும், "விட்டுரு லா. நாம பெரிய கம்பெனியோட எப்படி முட்டறது?" என்றான்.

"கம்பெனியோட எனக்கு என்ன? அது அப்படித்தான் இருக்கும். நிவேன நான் இடுப்புல தூக்கியிருக்கேன்."

பிறகு பாச்சாங்கிலேயே ஒரு துணி வெளுக்கும் கடையில் சேர்ந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கும் வேலை. அங்கே நிற்கும்போதுதான் அடிக்கடி தலை சுற்றியது. கால் வீங்கியது. குகன் வற்புறுத்திக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். ரத்தத்தில் அவளுக்கும் மோகனாவுக்கு வந்ததே வந்திருந்தது. ஒவ்வொரு நாளும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, சாகும்வரை. அந்த டாக்டரும் எதனால் வந்தது என்று எழுதித் தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

நிவேந்திரனின் படம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. அணு உலைக் கழிவுக் காற்றிலிருந்து அயோடினைப் பிடிக்கும் புதிய பொருளுக்காக வெளிநாட்டில் விருது வாங்கியிருந்தான். ஈரம் நிறைந்த உண்மையான தொழிற்சாலைச் சூழலில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது என்று செய்தியில் இருந்தது. அது உண்மை. அந்தக் கறுத்த தட்டுகளின் எடை எல்லாம் அவனிடம் இருந்தது. கம்பெனிக்காக மறைத்த அதே எண்களை அவன் உலகத்துக்குக் காட்டியிருந்தான், எந்த ஊர், எந்தக் கூடம், யார் மூச்சுவிட்ட காற்று என்று சொல்லாமல்.

அலோர் காஜா மண்டபம் ஒன்றில் அவனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். தோட்டத்துப் பழைய குடும்பங்களை எல்லாம் அழைத்தார்கள். பொன்னாடை போர்த்த அதே தோட்டத்துப் பெண் ஒருத்தி வேண்டும் என்று விழாக் குழுவினர் பவானேஸ்வரி வீடு தேடி வந்தார்கள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். விழாவுக்கு மட்டும் போனாள். ஏன் போனாள் என்று குகனுக்குப் புரியவில்லை, அவளாலும் விளக்க முடியவில்லை. அவன் என்ன பேசுவான் என்று கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான்.

அவன் நன்றாகப் பேசினான். தோட்டத்தில் வளர்ந்ததைச் சொன்னான், அப்பா ஓட்டிய டிராக்டரைச் சொன்னான். தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காமார்கள் இன்று தொழிற்சாலைகளில் கெட்ட காற்றைச் சுவாசித்து வேலை பார்க்கிறார்கள், அவர்களை நினைத்துத்தான் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினேன் என்றான். கூட்டம் கை தட்டியது. முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவன் அவளைக் கண்டுகொண்டான். சுற்றியிருந்தவர்களை விலக்கிக்கொண்டு வந்தான். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது.

"அக்கா. உடம்பு எப்படி இருக்கு?"

"மாத்திரை சாப்பிடறேன்."

அவன் அது என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. முகம் மட்டும் கொஞ்சம் மாறியது. "நான் திரும்ப பேசிக்கிட்டுதான் இருக்கேன்க்கா அவுங்ககிட்ட. ஒரு நாள் கண்டிப்பா போடுவாங்க."

"அன்னிக்கு அந்த வெள்ளைக்காரிகிட்ட நான் சொன்னத, இன்னிக்கு மேடையிலயாவது சொல்லியிருக்கலாம். இங்க எல்லாரும் நம்ம ஆளுங்கதானே."

"மேடையில எப்படிக்கா..." என்று அவன் தொடங்கினான். யாரோ படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். அவன் திரும்பி வந்து தேடினானா என்று அவளுக்குத் தெரியாது.

துணி வெளுக்கும் கடைக்கு நடந்துபோகும் வழியில், தொழிற்சாலை வேன் ஆள் ஏற்றும் இடத்தை அவள் தினமும் தாண்ட வேண்டும். மோகனா இப்போது அதில் வருவதில்லை, பேக்கிங் பிரிவுக்கு வேறு நேரம். ஒரு காலையில் புதிதாக ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். எஸ்.பி.எம். பள்ளிப் பரீட்சையை முடித்திருக்க வேண்டும், புதுச் செருப்பு, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் தேய்த்த சட்டை.

"அந்த பெக்டரிக்கா?" என்று பவானேஸ்வரி நின்று கேட்டாள்.

"ஆமாங்க ஆன்ட்டி. இன்னிக்குதான் மொத நாளு. தொட்டி செக்ஷன்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

பவானேஸ்வரி அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கண் எரிவதை, கழுத்தை, மாத்திரையை, சூடு குறைக்கும் நாளை, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். அந்தப் பெண் கவனமாகக் கேட்டாள், இடையில் குறுக்கிடவில்லை. வேன் வந்து நின்று கதவு திறந்தது.

"வேற வேலை கெடைக்கற வரைக்கும்தான் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஏறினாள். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.